எக்ஸ்ரே அக்காவும் வெள்ளை ஈக்களும்

வெண்டைச் செடிக்கு மஞ்சள் நோய் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மற்றவர்களுக்கு இலை மஞ்சளாகித் தொலைய வேண்டும். எக்ஸ்ரே அக்காவுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கப் பொறுமை கிடையாது. சூரியனுக்கு எதிரே நின்றுகொள்வாள். கொழுந்து இலையை ஒற்றை விரலால் தூக்கிப் பிடிப்பாள். வெளிச்சம் இலைக்குள் புகுந்து வரும்போது நரம்பு நூலளவு வெளுத்துத் தெரிந்தால் போதும், "இது போச்சு" என்று சொல்லிக்கொண்டே வேரோடு பிடுங்கிவிடுவாள். பச்சைப் பசேலென்று நிற்கிற செடியைப் பிடுங்குகிறாளே என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் பதறியது. ஒருமுறை அவள் கைகாட்டிய பத்துச் செடிகளைப் பிடுங்கவிடாமல் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள். ஐந்தாம் நாள் பத்தும் மஞ்சளாக நின்றன. அன்றைக்கு இருந்த மேனேஜர்தான் 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்தார். அவளுடைய சொந்தப் பெயர் அதன்பிறகு வருகைப் பதிவேட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அது விதைப் பண்ணை. அங்கே வெண்டைக்காயைப் பிஞ்சில் பறிக்க மாட்டார்கள். செடியிலேயே முற்றிக் காய்ந்து உள்ளே விதை கலகலக்கும்வரை விட்டுவைப்பார்கள். மஞ்சள் நோய் பிடித்த செடி காய்த்தாலும் வெளுத்துப்போன சூம்பல் காய்தான். அதற்கு மருந்து கிடையாது, பிடித்தது பிடித்ததுதான். பிடுங்கி எறிவது ஒன்றே வழி என்பதால், சரியாகப் பார்த்துப் பிடுங்குகிறவளுக்குப் பண்ணையில் தனி மரியாதை.

அந்த மரியாதையை அக்கா சும்மா விட்டுவைக்கவில்லை. பிடுங்கிய செடியைக் காலில் அடித்து வேர் மண்ணை உதறுவாள். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் கட்டாக்கி இடது தோளில் சாய்த்துக்கொள்வாள். வெண்டைச் சுணை கழுத்தை அரிக்கும். கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கழுத்தில் துண்டைச் சுற்றினாலும் அரிக்கத்தான் செய்யும். பக்கத்து வரப்பு பத்தடியில் இருக்கும். அங்கே போட மாட்டாள். வயலின் நடுவே, அத்தனை வரிசைகளையும் தாண்டி, மோட்டார் கொட்டகை வாசலுக்குத்தான் வருவாள். அங்கேதான் எல்லோரும் டீ குடிப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே கட்டைத் தொப்பென்று போடுவாள். "இன்னைக்கு அறுபது இருக்குமா?" என்று யாராவது கேட்பார்கள். "அறுபத்து நாலு" என்பாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தொண்டையில் டீ இறங்கும். பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது.

பதின்மூன்றாம் வருஷம் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டான். வந்தவள் தோட்டக்கலையில் இரண்டு வருஷ டிப்ளமோ படித்தவள். மூன்று அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் ஆயிற்று என்று முதல் வாரம் அக்காவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டாம் வாரம் மாமியார், "சின்னவ போடற டீயில ஏதோ இருக்கு" என்றாள். அக்கா போட்ட டீயைப் பதினைந்து வருஷமாகக் குடித்தவள் அவள். அதில் ஏதோ இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் வாரம் அக்காவின் கணவன், கழற்றிய சட்டையைத் தரையில் வீசாமல் ஆணியில் மாட்டினான். என்ன புதுசாக என்று கேட்டதற்கு, "சின்னவ இவ்வளவு சுத்தமா வச்சிருக்கா, போட மனசு வரல" என்றான். நான்காம் வாரம் பத்து வயது மகள் வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பியும் பார்க்காமல் சித்தியின் அறைக்குப் போனாள். அன்றைக்கு அக்காவின் அடிவயிற்றில் பற்றிக்கொண்டது பிறகு அணையவே இல்லை.

பொறாமை என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எனக்கென்ன வந்தது பொறாமை" என்பாள். ஆனால் துணி காயப்போடும் கொடியில் யாருடைய துணி நல்ல வெயில் படுகிற இடத்தில் இருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். சின்னவள் சண்டைக்காரியாக இருந்திருந்தால்கூடத் தேவலை. நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவளோ எதற்கெடுத்தாலும் "சரிக்கா" என்பாள். பாத்திரத்தை இங்கே வைக்காதே என்றாலும் "சரிக்கா", அங்கே வைக்காதே என்றாலும் "சரிக்கா". அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தியை எப்படித் திட்டுவது?

வீட்டில் போனது போகட்டும், பண்ணை இருக்கிறதே என்றுதான் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள்தான் எக்ஸ்ரே. அதற்கும் வந்தது ஆபத்து. புதிதாக வந்த மேனேஜர் படித்த ஆள் தேடினார். அக்காவைக் கூட்டிப்போகப் பண்ணைக்கு வந்த கணவனே, "எங்க வீட்டுலயே ஒரு பொண்ணு இருக்கு சார்" என்று வாயை விட்டுவிட்டு வந்தான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

சின்னவள் ஒரு லென்ஸும் ஒரு நோட்டும் மஞ்சள் அட்டைகளுமாகப் பண்ணைக்கு வந்தாள். அட்டையில் பசை தடவிக் குச்சியில் கட்டி வயல் ஓரங்களில் நட்டாள். மஞ்சள் நிறத்தைக் கண்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டியதை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினாள். ஈ எண்ணுகிறவளுக்கெல்லாம் நாற்காலியா என்று அக்காவுக்கு எரிந்தது. ஏனென்றால் மேனேஜர் அவளுக்குத் தம் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அக்கா அந்த அறைக்குள் உட்கார்ந்ததே கிடையாது.

இரண்டு மாதம் எண்ணிவிட்டு ஒருநாள், டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது சின்னவள் வாயைத் திறந்தாள். அக்கா அப்போதுதான் கட்டைத் தொப்பென்று போட்டிருந்தாள்.

"அக்கா, நீங்க செடியைக் கண்டுபிடிக்கறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பிடுங்கி உதறி, தோள்ல போட்டு, வயல் நடுவால கொண்டு வர்றீங்க பாருங்க, அதுதான் வேணாம்னு தோணுது."

"ஏன், வயலுக்கு வலிக்குதா?"

"இலைக்கு அடியில வெள்ளை ஈ உக்காந்திருக்குக்கா. அது ஏற்கெனவே நோய்ச் செடியோட சாறைக் குடிச்சிருக்கு. நீங்க உதறினதும் எழும்பி, வர்ற வழியெல்லாம் நல்ல செடியில இறங்கிடுது. அங்க அரை மணி நேரம் வாயை வச்சு உறிஞ்சினா போதும், அந்தச் செடிக்கும் வந்துடும். இலையில தெரிய ரெண்டு வாரம் ஆகும். அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல."

ஈயைப் பற்றிய பேச்சில் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ பன்னெண்டு வருஷமா நான்தான் நோயைப் பரப்பிட்டு இருந்தேனா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்ன?"

மேனேஜர் குறுக்கே வந்து சமாதானம் பண்ணினார். சமாதானம் என்றால், இரண்டு பேரையும் போட்டியில் இறக்கிவிட்டார். அறுபது வரிசை வயல் ஒன்று இருந்தது. நடுவில் பூச்சித் தடுப்புக்காக விதைத்த மக்காச்சோளம் நாலு வரிசை, ஆளுயரத்துக்கு நின்றது. கிழக்கே முப்பது வரிசை அக்காவுக்கு, அவள் வழக்கம்போலப் பிடுங்கலாம். மேற்கே முப்பது சின்னவளுக்கு, அவள் சொன்ன முறைப்படி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரம் புதிதாக நோய் கண்ட செடிகளை, பிடுங்கியது நிற்பது எல்லாம் சேர்த்து, மேனேஜரே எண்ணிப் பலகையில் எழுதுவார்.

"எட்டாவது வாரம் எந்தப் பக்கம் கம்மியோ, இனிமே பண்ணை முழுக்க அவங்க முறைதான்" என்றார். "அடுத்த பருவத்துக்கு இன்னும் மூணு வயல் எடுக்கறோம். பிடுங்க எட்டுப் பேர் வருவாங்க. ஜெயிச்சவங்க அவங்களுக்கெல்லாம் மேல."

தோற்றவள் அந்த எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்லாமலே கேட்டது. வீட்டில் டீயும் போய், மகளும் போய், வயலிலும் இவள் "அக்கா, அந்த வரிசைக்குப் போங்க" என்று சொல்ல, தான் "சரி" என்று சொல்ல வேண்டிவருமா?

சின்னவளின் முறை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். முதல் நாள் மதியமே சந்தேகப்பட்ட செடிக்கு நூல் கட்டிவைப்பாள். மறுநாள் விடியக்காலை ஐந்தரைக்கு, பனி ஈரத்தில் ஈக்கள் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, சத்தமில்லாமல் போய்ப் பிளாஸ்டிக் பையைச் செடியின் தலைவழியாக மாட்டி அடித்தண்டில் கட்டுவாள். அப்புறம்தான் பிடுங்குவாள். பையோடு ஒரு வாளியில் வைத்து, தன் பக்கத்துப் பதினேழாம் வரிசையை ஒட்டிப் போகிற ஒற்றையடிப் பாதையில் வெளியே கொண்டுபோய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுவாள். ஒரு காலையில் பதினைந்து செடிக்குமேல் ஆகாது. "குழந்தைக்குச் சட்டை மாட்டற மாதிரி மாட்டறா" என்று அக்கா சொல்ல, கொட்டகை சிரித்தது. ஒரு தடவை சின்னவள் தனியாக வந்து கேட்டாள்.

"அக்கா, மஞ்சளாகறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரியுது? எனக்கு லென்ஸ் வச்சாலும் பிடிபடல."

"பார்த்தா தெரியும்" என்றாள் அக்கா. சூரியனுக்கு எதிரே நிற்க வேண்டும் என்ற ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

முதல் இரண்டு வாரம் பலகையில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மூன்றாம் வாரம் மேற்குப் பக்கம் இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் கிழக்கே நாற்பத்தொன்று, மேற்கே பன்னிரண்டு. பலகையைத் தாண்டித்தான் தண்ணீர்க் குடத்துக்குப் போக வேண்டும் என்பதால் அக்கா அந்த வாரம் தாகத்தைப் பொறுத்துக்கொண்டாள். வேறொரு பண்ணையிலிருந்து ஆட்கள் மேற்குப் பக்கத்தைப் பார்க்க வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அதை மேனேஜர் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். நடுவில் சின்னவள், கையில் பை. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது அக்காவின் முழங்கை.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு வெண்டை இலையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெள்ளை ஈயோட வாய் ஊசி மாதிரி இருக்குமாம். இலைக்குள்ள குத்தி உறிஞ்சுமாம். அதுக்கு அந்த நோய் வராதாம்மா. சும்மா சுமந்துட்டுப் போய் அடுத்த செடிக்குக் குடுத்துடுமாம்."

"யார் சொன்னா?"

"சித்தி."

"வேற யார் சொல்லுவா" என்று அக்கா லென்ஸைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாள் என்று சொல்லவே வேண்டாம்.

மறு வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அக்கா தன் பக்கத்தில் சரியாகப் பிடுங்கவில்லை. நன்றாக மஞ்சளாகி, இலைக்கடியில் ஈ மொய்க்கிற செடிகளாகப் பார்த்து விட்டுவைத்தாள். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, வெயில் ஏறி ஈக்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம், எல்லோரும் டீக்குப் போனார்கள். சின்னவள் மேனேஜர் அறையில் அட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா இருபத்து மூன்று செடிகளை, இலை அசையாமல், பூப்போலப் பிடுங்கினாள். ஒன்றைக்கூடக் காலில் தட்டவில்லை. கட்டை அணைத்துக்கொண்டு மக்காச்சோளத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் போனாள்.

சின்னவள் பேச்சு தோற்றுப்போகிறதா என்று பார்த்துவிடலாம், ஈ பறந்து நோய் வருகிறதா என்று சோதித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தாள். சாக்குத்தான். அந்தப் பேச்சை நம்பாதவளுக்கு, ஈ அதிகமாக மொய்க்கிற செடியாகத் தேடிப் பொறுக்குவானேன்? சின்னவளைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் சின்னவள் சொன்னதை நம்பியாக வேண்டும். அக்கா நம்பினாள். பண்ணையிலேயே அவள் அளவுக்கு அதை நம்பியவர்கள் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

பதினேழாம் வரிசையில் நுழைந்து, நாலடிக்கு ஒருதரம் நின்று, கட்டை இரண்டு கையாலும் பிடித்து உதறினாள். வெள்ளையாகப் பொடிப் பொடியாக எழும்பி, கொஞ்சம் தத்தளித்து, பச்சை இலைகளின் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. வரிசையின் கடைசிவரை உதறினாள். பதினெட்டில் உதறிக்கொண்டே திரும்பினாள். கழுத்து, முழங்கை, காதுமடல் எல்லாம் சுணை ஏறி அரித்தது. அப்புறம் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்து வழக்கம்போலத் தொப்பென்று போட்டாள்.

"இன்னைக்கு கம்மியா இருக்கே" என்றார்கள்.

"இருபத்து மூணு" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள்.

பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை, அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. வரப்போரமாக, அந்த இரண்டு வரிசைகளின் முனையில் நின்று, சூரியனுக்கு எதிரே பார்த்தாள். பதினேழாம் வரிசையில் கொழுந்து நரம்புகள் வெளுத்திருந்தன. சின்னவள் அதே வரிசையில் லென்ஸோடு நின்றும் ஒன்றும் தெரியாமல் அடுத்த வரிசைக்குப் போனாள். அக்காவுக்குச் சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. அடுத்த நொடியே வேறொன்றும் அடைத்தது. சின்னவள் சொன்னது சரி. அப்படியானால் அவள் பன்னிரண்டு வருஷம் கட்டுக் கட்டாகத் தூக்கி நடந்த வழியெல்லாம்? நாலு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் கொட்டகைப் பக்கத்து வயல் முழுசாக மஞ்சளாகி, மாட்டைவிட்டு மேய்த்தார்களே, அது? அந்தக் கேள்வியை அக்கா அங்கேயே அமுக்கிவிட்டாள். இப்போது அதற்கா நேரம்.

எட்டாம் வாரச் சனிக்கிழமை மேற்குப் பக்கத்தில் இரண்டு வரிசை மஞ்சள் நெருப்பாக நின்றது. மேனேஜர் எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். பலகையில் கிழக்கே முப்பத்தெட்டு, மேற்கே எழுபத்தொன்று. அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பலகைக்கு எதிரே நின்று மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை. சின்னவள் சாப்பிடவில்லை. மாமியார், "பாவம் புள்ள, முகமே வாடிப்போச்சு" என்று அவள் தலையைத் தடவினாள். கணவன், "ஒரு வயலுக்கு இவ்வளவு வருத்தப்படாதம்மா" என்றான். மகள் சித்தியின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். ஜெயித்தவளை ஏறெடுத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒரு நாதி இல்லை. தோற்றாலும் பரிவெல்லாம் சின்னவளுக்குத்தானா என்று அக்கா அடுப்படியில் நின்று பொருமினாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சின்னவள் நின்றுகொண்டே ஒரு தாளை மேஜையில் விரித்தாள். வயலின் படம். நோய்ச் செடிகளுக்குப் புள்ளி வைத்திருந்தாள்.

"வெள்ளை ஈ தானா வந்தா ஓரத்துல ஆரம்பிச்சுத் திட்டுத் திட்டா வரும் சார். இங்க பாருங்க, கோடு போட்ட மாதிரி ரெண்டே வரிசை. இது ஈ வந்த வழி இல்ல. ஆள் நடந்த வழி."

அக்கா சாய்விலிருந்து முன்னால் நகர்ந்தாள்.

"நடந்தது நான்தான் சார்" என்றாள் சின்னவள்.

அக்கா நிமிர்ந்தாள்.

"தினமும் அந்த வழியாத்தான் குழிக்குப் போவேன். பையை வச்சுத் தூக்கிட்டுப் போன வாளி மஞ்சள் கலர். மஞ்சளுக்கு ஈ வரும்னு அட்டை கட்டினவளே நான். அதே கலர் வாளியைக் கையில பிடிச்சுட்டு ஓரத்துல இருந்த ஈயையெல்லாம் நானே உள்ள கூட்டிட்டு வந்திருக்கேன். என் தப்புதான். அக்காவே மேல இருக்கட்டும் சார்."

மேனேஜர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, அக்கா அவர் முகத்தில் இத்தனை மாதத்தில் ஒருநாளும் பார்க்காத ஒரு பார்வையோடு சின்னவளைப் பார்த்தார்.

"தன் தப்பைத் தானே படம் போட்டுக் காட்டற ஆளை நான் பார்த்ததில்லம்மா. பேசினபடி அக்காவே மேல இருக்கட்டும். ஆனா இதை நீங்க விவரமா எழுதுங்க. தலைமை ஆபீசுக்கு உங்க பேர்லயே அனுப்பறேன். எல்லாப் பண்ணையிலயும் மஞ்சள் வாளி கூடாதுன்னு போர்டு வச்சுடலாம்."

அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று வயல், எட்டு ஆட்கள், சாய்ந்து உட்கார நாற்காலி, எல்லாம் மடியில் வந்து விழுந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போயிருந்தால் போதும். ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. உங்க பேர்லயே. எல்லாப் பண்ணையிலயும். மூன்று நாள் பொறுத்திருந்து, செடி பார்த்துப் பொறுக்கி, இலை அசையாமல் பிடுங்கி, சுணை அரிக்க அரிக்க இரண்டு வரிசை நடந்தது யார்? அதையும் இவளே எடுத்துக்கொள்வாளா? வாளியாம். வாளி.

"வாளியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றாள் அக்கா. "நான் பண்ணேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இருபத்து மூணு செடி. ஈ மொய்க்கறதா பார்த்து எடுத்தேன். பத்தரை மணிக்கு எல்லாரும் டீக்குப் போனீங்களே, அந்த வியாழக்கிழமை. பதினேழுல உதறிட்டுப் போயி, பதினெட்டுல உதறிட்டு வந்தேன். வாளி என்ன பண்ணும்? வாளிக்கு எழுபத்தொண்ணு விழுமா?"

சின்னவளின் முகம் மெல்ல மாறியது. இதோ அழப்போகிறாள், இதோ கத்தப்போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். கத்தினால் திருப்பிக் கத்தத் தயாராக இருந்தாள். சின்னவள் நோட்டைத் திறந்தாள்.

"எத்தனை அடிக்கு ஒருதரம் உதறினீங்கக்கா?"

"நாலடிக்கு."

"வரிசை கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன்."

சின்னவள் வேகமாக எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் மின்னியது. "சார், அப்போ பையில கட்டின செடியால ஒண்ணுமே வரல. உதறினதாலதான் வந்திருக்கு. தேதி தெரியுது, வழி தெரியுது, எண்ணிக்கை தெரியுது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது." குரலில் கோபம் துளிகூட இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடாதவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத் தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேனேஜர் பேனாவை மூடினார். "அக்கா, நீங்க செஞ்சது வேலையை விட்டு அனுப்பற காரியம். உங்களுக்கே தெரியும்."

தெரியும். அக்கா எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள்.

"அனுப்பாதீங்க சார்" என்றாள் சின்னவள். "அவங்க அளவுக்கு முன்னாடியே நோய்ச் செடியைப் பார்க்க என்னால ஆகாது. மத்தியானம் அவங்க பார்த்து நூல் கட்டட்டும். காலைல சேர்ந்து பை மாட்டறோம். ரெண்டும் சேர்ந்தாத்தான் வயல் தப்பிக்கும்."

மேனேஜர், "இனிமே அவங்க சொல்றதுதான், நீங்க செய்யறதுதான்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். மன்னித்தவர் மேனேஜராக இருந்திருந்தால் அக்கா கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். மன்னித்தது சின்னவள். அதற்கு அக்காவை வேலையை விட்டே துரத்தியிருக்கலாம்.

வீட்டில் சின்னவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதுவும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் கணவனிடம் தானே சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு, "உனக்கு அவ என்னடி பண்ணினா?" என்று மட்டும் கேட்டான். அக்கா அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மறுநாள் விடியக்காலை ஐந்தரைக்கு இருவரும் வயலில் இருந்தார்கள். முந்தின நாள் மதியம் அக்கா கட்டிய நூல்கள் கிழக்குப் பக்கமெங்கும் தெரிந்தன. சின்னவள் ஒரு பையை எடுத்து நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டு, நூல் கட்டியதிலேயே ஈ மிக அதிகமாக இருந்த செடியாகத் தேடிப் போனாள். இலையைப் புரட்டினாள். அடியில் வெள்ளையாக அப்பியிருந்தது. பையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தலைவழியாக மாட்டினாள். அடித்தண்டில் கட்டினாள். பிடுங்கினாள். பழக்க தோஷத்தில் காலிலும் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பைக்குள் ஈக்கள் தாறுமாறாக முட்டிக்கொண்டிருந்தன. வெளியே எதுவும் பறக்கவில்லை. பக்கத்துச் செடியைப் பார்த்தாள், அதற்கடுத்த செடியைப் பார்த்தாள். பண்ணையிலேயே கூர்மையான கண் அது. சுற்றிலும் தேடியும் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "சரியா கட்டியிருக்கீங்கக்கா" என்று சின்னவள் பின்னாலிருந்து சொன்னாள். அன்று அமுக்கிவைத்த பன்னிரண்டு வருஷக் கேள்வி இப்போது எழும்பி வந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். ஒரே ஒரு ஈ வெளியே வந்திருந்தால்கூட அவள் அந்த நாளைத் தாங்கியிருப்பாள்.